சின்னவள் கேட்ட நாலு வரி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். உன் இருமல் நிஜமாகவே நின்றதா, இல்லை போனில் பேசும்போது மட்டும் அடக்கிக்கொள்கிறாயா என்று எழுது. அப்பா மாடி அறைக்குத் தானே வெள்ளையடிக்கிறேன் என்று கிளம்பி, சுவரைவிடத் தன் தலைக்குத்தான் அதிகம் அடித்துக்கொண்டார். உன் தங்கை விஷயத்தைப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன், முழுசாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

கூடைப்பந்து கிளப்பில் அவளுக்கு மூன்று வருட ஒப்பந்தம் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள் இல்லையா, அதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை நடந்தது. அப்பாதான் மேனேஜர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உன்னை மாதிரி ஆயிரம் பேர் வெளியே நிக்கிறாங்க தெரியுமா என்று அதட்டினார். அவள் அசரவில்லை, இவரே இரண்டு நிமிஷத்தில் இளகி, சரிம்மா, கேட்டதையெல்லாம் எழுதிக்கோ என்றுவிட்டார். இப்படி ஒரு மேனேஜர் இருந்தா கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான்ப்பா என்று சிரித்தாள்.

நிஜ மேனேஜரும் நல்ல மனுஷர்தான். கோப்பைகள் அடுக்கிய அறையில் உட்காரவைத்து, உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி என்றார். சம்பளத்தைச் சொன்னதும் நான் அவசரமாக, ரொம்ப சந்தோஷம் சார் என்று சொல்லித் தொலைத்தேன். யார் எதைக் கொடுத்தாலும் உடனே நன்றி சொல்லிப் பழகிய நாக்கு. மேஜைக்கடியில் அவள் என் காலை மிதித்தாள். அவள் ஷூ அளவு உனக்குத் தெரியுமே, இன்னும் வலிக்கிறது. பிறகு, சம்பளம் இருக்கட்டும் சார், நாலு வரி சேர்க்கணும் என்றாள். ஆட்டத்தில் அடிபட்டால் குணமாகும்வரை சிகிச்சையும் சம்பளமும் கிளப்பின் பொறுப்பு, நடுவில் கழற்றிவிடக் கூடாது, அவ்வளவுதான். போன வருடம் முழங்கால் உடைந்த அவர்கள் கேப்டனை ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அது இவள் மனதில் இருந்திருக்கிறது. இருபது வயசுல ஏம்மா இப்படி அபசகுனமா பேசுறே என்றார் அவர். பெஞ்சுல உட்காரவைக்கப் போறீங்கன்னா வேண்டாம் சார், ஆடவிடப் போறீங்கன்னா இந்த வரி வேணும் என்றாள். முடியாது என்றார். வணக்கம் சொல்லி எழுந்துவிட்டாள்.

வேறு எந்த அணியும் அவளைக் கூப்பிடவில்லை. நான்கு நாள் போன் அடித்தால் மூன்று பேரும் ஓடினோம். கையெழுத்துப் போட்டுடும்மா என்று சொல்லத் துடித்து, ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டேன். அவள் வயதில், கை நழுவிப் போய்விடுமோ என்ற பயத்திலேயே நான் எத்தனைக்குச் சரி சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளோ தினமும் காலையில் எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனாள்.

ஐந்தாம் நாள் கூப்பிட்டார்கள். மூன்று வருடம் இரண்டாகக் குறைந்தது, நாலு வரியும் உள்ளே வந்தது. ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, இது நமக்குள்ளயே இருக்கட்டும், மத்த பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சா வரிசையா வந்து நிப்பாங்க என்றார். அவள் பேனாவை மூடி அவரிடம் நீட்டி, அந்த நாலு வரியை நேத்தே எல்லாருக்கும் அனுப்பிட்டேன் சார் என்றாள்.

அவளுக்கு ஒரு போன் செய், அண்ணன் என்று அறிவுரை மட்டும் ஆரம்பிக்காதே. நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் உனக்கு வாய்க்கட்டும். கழுத்துக்குத் துணி சுற்றாமல் குளிரில் வெளியே போகாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா