வாடகை இல்லாத அறை

ஜூலை 7, திங்கள்

பயிற்சி ஆசிரியையாக இந்தப் பள்ளிக்கு வந்து மூன்றாவது வாரம். எட்டாம் வகுப்புத் தமிழ். இன்னும் பாடக் குறிப்பைக் கையில் பிடிக்காமல் பலகைக்கு முன்னால் நின்றதில்லை. அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து மதிப்பீட்டுக்கு வருகிறார்கள். இணையக் கருவி ஒன்றை வகுப்பில் பயன்படுத்திக் காட்ட வேண்டுமாம். அதில் தேறினால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் வேலை.

அதற்கு ஒத்திகையாக இன்று ஓர் இணையச் சுவர் திறந்தேன். இணைப்பை அனுப்பிவிட்டால் அவரவர் வீட்டுப் போனிலிருந்து சீட்டு ஒட்டலாம். ஒட்டியது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். எழுதியவர் பெயரை மறைக்கிற வசதியையும் அழுத்திவிட்டேன். வாய் திறக்காத பிள்ளைகளும் எழுதட்டும் என்றுதான். யார் எழுதியது என்று எனக்கே தெரியாது என்று சொன்னதும் வகுப்பு முழுக்க ஒரே குஷி. அதற்குள் 'செவுரு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

வீட்டுப்பாடம்: ஒரு சொல், பல பொருள். சொல், 'அறை'. வீட்டில் இருக்கிற அறை, கன்னத்தில் விழுகிற அறை. இரண்டும் தொனிக்க ஒரு வாக்கியம். ஆளுக்கு ஒரு சீட்டு.

ஜூலை 8, செவ்வாய்

இன்று நான் நன்றாகப் பாடம் எடுத்தேன்! எழுதி வைத்துக்கொள்கிறேன், அடிக்கடி வருகிற வாக்கியம் இல்லை.

சுவரைத் திரையில் போட்டேன். "அண்ணன் அறைக்குள் போனால் ஒரு அறை." "அறையைப் பெருக்காவிட்டால் அறை நிச்சயம்." ஒவ்வொன்றாக நான் வாசிக்க, சிரிப்பு. கடைசியில் இது:

"எங்கள் வீட்டில் எனக்கு ஓர் அறை தினமும் கிடைக்கும். வாடகை கிடையாது."

வகுப்பே அதிர்ந்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள், பேச ஆரம்பித்தால் நிற்காது, அதனால் எல்லோருக்கும் அவள் பட்டாசு. அவள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஒரு' இல்லை, 'ஓர்' வரவேண்டும், இதை எழுதியவர் சரியாகப் போட்டிருக்கிறார் பாருங்கள் என்று விளக்கி, சீட்டின் மேல் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன். பெரிய டீச்சர் (இந்த வகுப்பின் நிரந்தரத் தமிழாசிரியை, என்னைக் கவனித்துக் குறிப்பு எழுதுபவர்) பின்னாலிருந்து தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள், ஊரில் உள்ள தடுமாற்றம் எல்லாம் பார்த்தவள், எதற்கும் அசர மாட்டாள். அவள் சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க என்னடி இருக்கு? தினமும் அடி வாங்குறேன்னு எழுதியிருக்கு."

கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

நட்சத்திரம் வேறு ஒட்டியிருக்கிறேன். கடவுளே.

ஜூலை 9, புதன்

வகுப்பில் பாடமே ஓடவில்லை. கன்னம் கன்னமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கன்னத்திலும் எதுவும் தெரியவில்லை. தெரிகிற இடத்தில் அடிப்பார்களா என்ன?

பெரிய டீச்சரிடம் சொன்னேன். சிலேடை கேட்டாய், சிலேடை கொடுத்திருக்கிறார்கள், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றார். மதிப்பீடு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். இருக்கலாம். நான் பயந்தாங்கொள்ளிதான். உனக்கு பிரேக் மட்டும்தான் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரே கிடையாது என்று அக்கா சொல்லாத நாள் இல்லை.

ஆனாலும் சுவரில் ஓர் அமைப்பை மாற்றினேன். இனி யார் சீட்டு ஒட்டினாலும் முதலில் எனக்கு மட்டும் தெரியும். நான் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்கு.

ஜூலை 10, வியாழன்

வந்துவிட்டது.

"நன்றி டீச்சர். நட்சத்திரம் அழகாக இருந்தது. நேற்றும் கிடைத்தது."

பேய் இல்லை. நிஜம்.

பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'நீ யார்?' என்று அடித்து, அழித்தேன். நான் எழுதுவது எல்லா வீட்டுப் போனிலும் தெரியும். அந்த வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது? அடிக்கிற கையிலேயே இருந்தால்? என் ஒரு வரியால இன்னொரு அடி விழுந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?

எழுதாமல் இருந்தால் டீச்சர் கண்டுகொள்ளவில்லை என்றாகும். எழுதினால் மாட்டிவிட்டதாகும். பெயரை மறைக்கிற பொத்தானை எவ்வளவு பெருமையாக அழுத்தினேன்! மறைத்ததைத் திரும்பக் காட்டுகிற பொத்தானே அதில் இல்லை. எல்லா மூலையும் தேடிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஜன்னலோரம் ஒரு பையன். பேசவே மாட்டான், அவனை ஜன்னல் என்றே கூப்பிடுகிறார்கள். இன்று பலகையை அழிக்கக் கையை உயர்த்தினேன். அவன் தலையைக் குனிந்து தோளைக் குறுக்கிக்கொண்டான். இவன்தான் என்று என் மனம் அடித்துச் சொன்னது.

இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று கேட்டேன். உதடு துடித்தது. அழுதுவிட்டான். அழுதுகொண்டே வகுப்புக்குள் ஓடிவிட்டான்.

ஜூலை 14, திங்கள்

ஜன்னலின் அப்பா வந்தார். பேருந்து ஓட்டுநர், வேலை உடுப்போடு நேரே வந்திருந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"முன்ன இருந்த ஸ்கூல்ல டஸ்டரைத் தூக்கி எறிஞ்சிருக்காங்கம்மா. அவன் பயப்படுறது என்னைப் பார்த்து இல்ல. உங்களை மாதிரி ஆளுங்களைப் பார்த்துதான்."

மன்னிப்புக் கேட்டேன். வேறு என்ன செய்ய? இன்னொரு முறை இப்படிக் குடும்ப விஷயத்தில் தலையிட்டால் பயிற்சியை நிறுத்திவிடுவேன் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். சாயங்காலம் அந்தப் பையனிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சர்" என்றான். அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஜூலை 15, செவ்வாய்

புதுச் சீட்டு இல்லை. வந்தபோது பயமாக இருந்தது. வராதது அதைவிட மோசம்.

ஜூலை 17, வியாழன்

மதிப்பீடு. கல்லூரியிலிருந்து கண்ணாடிக்காரர் வந்தார், எங்களுக்குப் பாடமுறை நடத்துகிற விரிவுரையாளர். பெரிய டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

யார் எழுதியது என்று எனக்கே தெரியாது என்று நான் சொல்லியிருந்தாலும், பிள்ளைகளுக்கே இப்போது சொல்லிக்கொள்ள ஆசை. விருப்பம் உள்ளவர்கள் எழுந்து தங்கள் சீட்டை வாசியுங்கள் என்றேன். உண்மையைச் சொன்னால், யார் எழாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அப்படிச் செய்தேன். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். வாசித்த சீட்டைத் திரையின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே வந்தேன். ஜன்னல்கூட எழுந்தான். அவன் எழுதியது, "பாட்டு அறையில் பாடினால் பக்கத்து அறைக்காரர் அறைவார்." நல்ல வாக்கியம்.

எல்லோரும் வாசித்துவிட்டார்கள். வராதவர் யாரும் இல்லை. உட்கார்ந்தே இருந்தவர் யாரும் இல்லை. திரையின் நடுவில், நட்சத்திரத்தோடு, அது மட்டும்.

கண்ணாடிக்காரர் கேட்டார்: "ஒன்னு மிச்சம் இருக்கே. அது யாரோடது?"

யாரும் கை தூக்கவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஓரத்தில் இருந்த சீட்டுகளைப் பார்த்தேன். ஒரு அறை, ஒரு அறை, ஒரு அறை. 'ஓர்' போட்டவர் ஒருவர்கூட இல்லை. எப்படிப் போடுவார்கள், நான் அடுத்த நாள்தானே சொல்லிக்கொடுத்தேன்?

இது பிள்ளை எழுதியது இல்லை. போனுக்குச் சொந்தக்காரர் எழுதியது.

அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று தெரியவில்லை. பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன். மணி அடிக்கும்வரை சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றிருக்கிறேன். கண்ணாடிக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டு சீட்டையும் பெரிய டீச்சர் முன்னால் வைத்தேன். மறுபடி மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தாம்மா தப்பு. இது ஒரு பொம்பளை எழுதினது."

அவரே என்னைத் தலைமையாசிரியையிடம் அழைத்துப்போனார். மூவருமாக உட்கார்ந்து சுவரில் போட ஒரு வரி யோசித்தோம். எவன் படித்தாலும் சந்தேகம் வரக் கூடாது, அவளை வீட்டிலேயே நிறுத்திவைக்கவும் முடியக் கூடாது. கடைசியில் போட்டது: "திங்களன்று பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்க அம்மாக்கள் கட்டாயம் வரவேண்டும். வராவிட்டால் மதிப்பெண் குறையும்." சுத்தப் பொய். மதிப்பெண் என்றால் எந்த அப்பாவும் அடங்கிவிடுவார் என்றார் தலைமையாசிரியை.

வருவாளா?

ஜூலை 20, ஞாயிறு

சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைத்துவிட்டேன். அக்கா திட்டவில்லை. அவளுக்கும் பயம் போல.

ஜூலை 21, திங்கள்

அம்மாக்கள் வந்தார்கள். பிள்ளைகள் வாசித்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டேன். கூட்டம் கலைந்தது. ஒருத்தி மட்டும் கைப்பையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டிருந்தாள். கைப்பை அவள் தோளிலேயே இருந்தது.

பட்டாசின் அம்மா.

அன்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாளே, அவளுடைய அம்மா.

கதவைச் சாத்தினேன். பெரிய டீச்சர் வெளியே நின்றுகொண்டார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். அடிப்பது கணவன்தானாம். மெசேஜ் எல்லாம் பார்ப்பானாம். யாரிடம் பேசினாள், எவ்வளவு நேரம் பேசினாள், எல்லாம் தினமும் பார்ப்பானாம்.

"புள்ளையோட ஹோம்வொர்க்கை மட்டும் பார்க்க மாட்டாரு டீச்சர். அதனாலதான் அங்க எழுதினேன்."

சிரித்துவிட்டோமே, மன்னியுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சிரிக்கிற மாதிரிதானே எழுதினேன். அழுற மாதிரி எழுதியிருந்தா நீங்க சத்தமா வாசிச்சிருப்பீங்களா?"

தம்ளரில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன். தான் எழுதியதை ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது அந்த நட்சத்திரம்தான் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். மகளுக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியை வந்து போலீஸுக்கும் பெண்கள் உதவி மையத்துக்கும் அவள் முன்னாலேயே பேசினார். அண்ணன் இப்போது வேறு ஊரில் இருக்கிறார், அந்த வீடு அவனுக்குத் தெரியாது, அங்கே போக வழி கிடைத்தால் போய்விடுவேன் என்றாள்.

ஜூலை 24, வியாழன்

பட்டாசும் அவள் அம்மாவும் போய்விட்டார்கள். பள்ளி தொடங்கியதும் பின்வாசல் வழியாக. அக்காதான் ஓட்டினாள், பயிற்சிக் காரில், முன்னும் பின்னும் L போர்டு. "L போர்டு வண்டியை எவன்டி சந்தேகப்படுவான், ஒதுங்கித்தான் போவான்" என்றாள். நான் பின் இருக்கையில், பட்டாசுக்குப் பக்கத்தில். எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. பாதி வழியில் முன் இருக்கையில் இருந்த அம்மாவின் தோளைத் தொட்டு, "அந்தச் சீட்டு நீதானேம்மா?" என்றாள். அம்மா திரும்பவில்லை. "நீ எழுதினா அப்படித்தான் இருக்கும்" என்று பட்டாசு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் வெளியே ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 28, திங்கள்

முடிவு வந்தது. தேறவில்லை. 'வகுப்பைக் கட்டுப்பாட்டில் வைக்கத் தவறினார், இறுதிப் பகுதியில் பேசவே இல்லை.' அடுத்த பருவம் மறுபடியும் பயிற்சி. கண்ணாடிக்காரர்மேல் கோபம் இல்லை, அவர் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார். பெரிய டீச்சர் இங்கேயே வா என்று சொல்லிவிட்டார்.

இணையக் கருவிகள் பற்றி ஒரு கட்டுரையும் கொடுக்க வேண்டும். நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம். 'எழுதுபவர் பெயரை மறைக்கும் வசதி' என்று எழுதிவிட்டு, எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 30, புதன்

அவன் வந்தான். பட்டாசின் அப்பா.

இஸ்திரி போட்ட சட்டை, ஓரம் வகிடு. கையில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தேன். வணக்கம் சொன்னான். எவ்வளவு மரியாதை! மகள் இதை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம், பாடம் கெட்டுவிடுமாம், எந்த ஊர், எந்தப் பள்ளி என்று சொன்னால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவானாம்.

"அந்த லிங்க்கை எங்க வீட்டு போனுக்கு அனுப்பினது நீங்கதானே?"

"ஆமாங்க. வீட்டுப்பாடத்துக்கு."

"அதுலதானே அம்மாக்களைக் கூப்பிட்டீங்க. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்க இருக்காங்க?"

அண்ணன் வீட்டுத் தெருவும், அந்தக் கதவின் நிறமும்கூடக் கண்முன் வந்தன. என் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று பட்டது.

"தெரியாதுங்க" என்றேன். இந்த முறை குரல் வந்தது.

பார்த்துக்கொண்டே நின்றான். எப்போது வந்தாரோ, பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார். தலைமையாசிரியை வாசலுக்கு வந்து, இனிப் பள்ளிக்குள் வரக் கூடாது, எதுவானாலும் போலீஸில் போய்க் கேளுங்கள் என்றார். அவன் சிரித்துக்கொண்டே, நாளைக்குப் பள்ளி கேட்டுக்கு வெளியே நிற்கிறேன், டீச்சர் யோசித்து வைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டேன். சரியாகப் போட்டேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன். பயமாக இருக்கிறது, ரொம்பப் பயமாக இருக்கிறது. நாளைக்கும் போவேன். கேட்டால் நாளைக்கும் தெரியாது என்றுதான் சொல்வேன்.