தும்பிக்கைக்காரரின் மௌனம்

என்னங்க,

காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். பதினொரு மணிக்கு மெஷின்காரர் உங்கள் மூக்கு மாஸ்க்குக்குப் புது வார் கொண்டுவருவார்.

தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்றுவிடக் கூடாது என்று டாக்டர் கொடுத்த அந்த மெஷின் வந்த அன்று, படுத்ததும் "என் மேல கோபமா?" என்று கேட்டேன். நீங்கள் மூக்கில் மாட்டிய தும்பிக்கை மாதிரிக் குழாயோடு கூரையைப் பார்த்தபடி கிடந்தீர்கள். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தவள்தான். மறுநாள் நீங்கள் ஏதோ சொல்ல வந்தபோதும் காதில் வாங்கவில்லை.

நேற்று நீங்கள் முடிவெட்டப் போயிருந்தபோது, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே மாட்டிக்கொண்டு உங்கள் இடத்தில் படுத்தேன். மூக்குக்குள் காற்று வந்துகொண்டே இருந்தது. கட்டில் மெல்ல மிதந்தது. ஜன்னல் திரை படகுப் பாய் மாதிரி உப்பியது. தூரத்தில் ஒரு கரை, அதில் நீங்கள் நிற்கிற மாதிரி இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றெல்லாம் வாய் வழியாகச் சீறிக்கொண்டு வந்தது, ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அன்று நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் சொன்ன நாக்குப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மேலண்ணத்தில் நாக்கை ஒட்டி இருபது தடவை. கண்ணாடி முன்னால் தாராளமாகச் செய்யுங்கள், இனிமேல் சிரிக்கமாட்டேன்.

பி.கு.: சாவி செருப்பு அலமாரியில்.

இன்னொன்று: தலையணை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கு ராத்திரியும் "என் மேல கோபமா?" என்றுதான் கேட்பேன். வாயைத் திறக்க வேண்டாம், கையைப் பிடித்தால் போதும்.