மாமன் வீட்டுக்குப் போன மடக்குக் கத்தி

அன்பு மகள் மீனாவுக்கு உசிலம்பட்டியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தமிழ்வாணி, ரெண்டு மாடு எல்லோரும் சுகம். அப்பாவின் சட்டைப் பைதான் சுகமில்லை, ஓட்டை விழுந்துவிட்டது, காரணம் பின்னால் வருகிறது. ஜெர்மனிக் குளிரில் நீயும் மருமகனும் பேரனும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க நம்ம குலசாமி காக்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுப்பாய், அதனால்தான் பொடிப் பார்சலோடு இந்தக் கடிதம். அடியே மீனா, உன் தங்கை தமிழ்வாணி கல்யாணத்துக்கு என் தம்பி காசிமாயன் வருகிறான்! நம்ம புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அடித்த பிளக்ஸில் அவன் படத்தைத் தபால்தலை அளவுக்கு ஒரு மூலையில் போட்டுவிட்டோம் என்று முறுக்கிக்கொண்டு போனவன், ரெண்டு வருஷமாக அப்பாவோடு பேச்சு இல்லை. தாய்மாமன் இல்லாமல் தை மாதம் பிள்ளையை எப்படி மணையில் உட்கார வைப்பேன் என்று நான் அழாத நாளில்லை. அதைச் சரிபண்ணியது யார் தெரியுமா? அப்பாவின் எண்பது ரூபாய் மடக்குக் கத்தி!

நீ ஆசையாக அனுப்பினாயே, கத்தரி, ஊசி, பல்குத்தி எல்லாம் வைத்த சிவப்புக் கத்தி, அது பீரோவில் என் பட்டுச் சேலைக்கு நடுவில் தூங்குகிறது. வருகிறவர்களுக்கு எல்லாம் எடுத்துக் காட்டுவார், ஒரு கொய்யாக்காய் நறுக்க மாட்டார், தொலைந்தால் மகள் வருத்தப்படுமாம். சந்தையில் சாக்கு விரித்து விற்கிற மரப்பிடிக் கத்தி என்றால் மட்டும் கை துறுதுறுக்கும். உர மூட்டை பிரிக்க, கயிறு அறுக்க, மாங்காய் கீற, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பென்சில் சீவ, எல்லாம் அதுதான். வேஷ்டியில் ஒரு துடை, டக்கென்று ஒரு மடக்கு, மறுபடி பைக்குள். ஓட்டை ஏன் விழாது?

போன வாரம் ஒச்சம்மாள் பெரியம்மா பேரனுக்குக் காது குத்து. மாலை போட்ட கிடாயோடு மேளதாளமாகச் செய்முறைச் சீர் கொண்டுவந்தான் தம்பி. எவனோ வெடியைக் கொளுத்த, கிடாய் மிரண்டு டியூப்லைட் கம்பத்தைச் சுற்றி ஓடி, நைலான் கயிறு கழுத்தை இறுக்கி, நாக்கு வெளியே தள்ளிவிட்டது. தம்பி முடிச்சைப் பல்லால் கடிக்கிறான், அவிழவில்லை. அப்பா எங்கிருந்துதான் பாய்ந்தாரோ, கத்தியை விரித்து அவன் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டார். ஒரே அறுப்பு! கிடாய் பந்திக்குள் புகுந்து நாலு இலையைத் தின்றது தனிக் கதை. ஒச்சம்மாள் பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டு, அடி ஆத்தி, கத்தியக் கையிலயா குடுப்பாக, கீழ வச்சுல்ல எடுக்கணும், சண்டை வந்துருமே என்று கூப்பாடு போட்டார். தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே, இனிமே புதுசா என்னத்த வரப்போகுது பெரியம்மா, பழசே இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு என்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அப்பாவும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் அந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா, கத்தியை மடக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மச்சானுக்கு வேணும்னா வீட்டுக்கு வந்து எடுத்துக்கிறச் சொல்லுக்கா என்று போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா கை வெறும் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. எண்பது ரூபாய்தானே, வேறு வாங்குங்கள் என்றேன், அது வேற இது வேற என்றார். மறுநாள் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, கெளம்பு, கத்திய வாங்கியாருவோம் என்றாரே பார்க்கணும்! அங்கே தம்பி அதைத் தீட்டி எண்ணெய் போட்டு, வெற்றிலைத் தட்டில் வைத்து அப்பா முன்னால் நகர்த்தினான். இம்புட்டு நல்ல கத்திய எங்க புடிச்சீக மச்சான் என்று ஒரு கேள்விதான் கேட்டான், அப்பாவுக்கு வாய் மூடவில்லை. பிடியைப் பற்றி அரை மணி, ஆணியைப் பற்றி அரை மணி. பிளக்ஸ் பேச்சே இல்லை. நான் அடுப்படியில் அவன் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், காபியைப் பொங்கவிட்டேன். கிளம்பும்போது அப்பா தட்டைத் திருப்பி நகர்த்தி, இது உனக்குத்தான் மாப்ள, எடுத்துக்க என்றார். தம்பி கண் கலங்கிவிட்டான். அப்புறம் கல்யாண பிளக்ஸில் தன் படம் பெரிசாக இருக்கவேண்டும் என்றான். மாப்பிள்ளைப் பையனை மூலையில் போட்டுக்கலாம் என்று அப்பா சொல்ல, தமிழ்வாணி இப்போது எங்கள் ரெண்டு பேரோடும் பேசவில்லை.

திரும்பும் வழியில் சந்தையில் அரை டஜன் கத்தி வாங்கிவிட்டார், என்னத்தைச் சொல்ல. பேரனுக்கு வாரம் ஒரு தடவையாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டு. வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். பார்சலில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, மோர் மிளகாய் இருக்கிறது. கத்தி இருக்கும் என்று தேடாதே. உனக்கென்று வாங்கியதை அப்பா டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தைக்கு லீவு கிடைப்பது சந்தேகம் என்று நீ சொன்னது அவருக்கும் தெரியும். கத்தியைக் கையில் கொடுக்கக் கூடாது, என் மகளே வந்து எடுத்துக்கிறட்டும் என்கிறார். தூசி துடைக்கக்கூட என்னைத் தொடவிடுவதில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
சின்னத்தாய்