அண்ணா, வெள்ளானூர்ப் புதருக்கு மிஷின் வாங்கினேன்

மோகன் அண்ணா, என் செல்ல அண்ணா,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட உனக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. இன்று எழுதுகிறேன் என்றால் கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

வெள்ளானூரில் உன் மனை காடாகிவிட்டது. நீ படுக்கையில் விழுந்ததிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சீமைக் கருவேலம் என் தலைக்கு மேல் நிற்கிறது, கீழே கோரையும் நாயுருவியும். அண்ணி அங்கே வீடு கட்டப் போகிறார். ஆவடியில் வாடகை வீடு மாறி மாறி அவருக்கு அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அளக்க வருவதாகச் சொன்ன சர்வேயர், புதரை எடுக்காமல் சங்கிலி பிடிக்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

உனக்குத்தான் தெரியுமே, எனக்கு யாரையும் நம்ப வராது. கறிக்கடைத் தராசையே நான் இரண்டு தடவை பார்க்கிறவள். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும்டி" என்று நீ சிரிப்பாய். இந்தத் தடவை என் சந்தேகம் எல்லாம் பக்கத்து நிலத்து முனிரத்தினம் மேல்தான். நீ போனதும் அந்த ஆள் வேலியைத் தள்ளிப் போட்டிருப்பார், நம் இடத்தில் கொஞ்சம் போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அதற்கேற்ற மாதிரி அவரே வாசலுக்கு வந்தார். "இன்னாத்துக்கும்மா செலவு? நம்ம மச்சான் பையன்கிட்ட ஜேசிபி கீது. ஒரு மணி நேரத்துல மழிச்சி உட்டுடுவான். துட்டு ஒன்னியும் வாணாம்" என்றார். அண்ணி கும்பிடாத குறை. எனக்கோ திக்கென்றது. இந்தக் காலத்தில் யார் சும்மா ஜேசிபி அனுப்புவார்கள்? அது ஒரு தடவை ஏறி இறங்கினால் எல்லைக்கல் எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? "வாணாம் அண்ணாத்தே, நாங்களே பாத்துக்கறோம்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனதை நான் குறித்துக்கொண்டேன்.

கல் அசையாமல் புதர் மட்டும் போக வேண்டும் என்றால் கையில் பிடித்து வெட்டுகிற மிஷின்தான் சரி. வாடகைக்கு எடுத்தால் மழுங்கின பிளேடைத்தான் மாட்டித் தருவார்கள். வீடு எழும்பும் வரைக்கும் கருவேலம் துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும், அதனால் சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு குமணன்சாவடி போனேன்.

கடைக்காரர் எடுத்ததும், "சார் வரலியா மேடம்?" என்றார். "சார் வந்தா நல்லா வெட்டுமா?" என்றேன். அண்ணி என் கையைக் கிள்ளினார்.

முதலில் ஒரு சின்ன மிஷினைக் காட்டினார், தோளில் மாட்டினால் பூ மாதிரி இருந்தது. புல்லுக்குச் சரி, கருவேலத்துக்குத் திணறும். அடுத்தது பெரியது, உடம்பில் ஐம்பத்தெட்டு சிசி என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். "புக்க காட்டுங்க" என்றேன். புத்தகத்தில் ஐம்பத்திரண்டுகூட இல்லை. "ஸ்டிக்கர் கம்பெனில ஒட்றது மேடம்" என்றார். யார் ஒட்டினாலும் பொய் பொய்தானே?

பிறகு ஸ்டார்ட் செய்து காட்டினார், ஒரே இழுப்பில் கிளம்பியது. எனக்கு அதுவே இடித்தது. அணைக்கச் சொல்லி, அடுத்ததாக நின்ற இன்னொரு மிஷினின் சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோனேன், அதுவும் சூடு! நாங்கள் வருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார். "பெட்டியப் பிரிச்சி புதுசா ஒண்ண எடுங்க, ஆறிக் கெடக்கறத இழுத்துக் காட்டுங்க" என்றேன். "நீங்க டீச்சரா மேடம்?" என்று கேட்டார் பாவம். அது நாலாவது இழுப்பில் கிளம்பியது. அதையே எடுத்துக்கொண்டேன்.

நைலான் நரம்பு மாட்டித் தரப் பார்த்தார். அது கருவேலத்திடம் என்ன செய்யும்? புதருக்கு மூன்று பல் பிளேடு, தண்டுக்கு ரம்பம் மாதிரி வட்டப் பிளேடு, இரண்டும் கேட்டு வாங்கினேன். இரண்டு தோளிலும் மாட்டுகிற வார், சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரிப் பிடி. உதிரிக் கிளட்சும் இழுக்கிற கயிறும் அவர் கடை அலமாரியிலேயே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பில் போடச் சொன்னேன். நீ இருந்திருந்தால் வெட்கப்பட்டு வெளியே போய் டீ குடித்திருப்பாய்.

நேற்றுக் காலையில் நானே மாட்டிக்கொண்டு இறங்கினேன். உன் ஃபேக்டரி பூட்ஸில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டேன், முகத்துக்கு ஹெல்மெட். முதல் அரை மணி நேரம் மிஷின் என்னை இழுத்தது, அப்புறம் பழகிவிட்டது. நான் வெட்டினதை எல்லாம் அண்ணி தூர நின்று கழியால் ஒதுக்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தார். ஒரு வேலையும் இல்லாமல் ஒரு மனுஷன் எதற்காக நிற்க வேண்டும்?

பதினோரு மணி இருக்கும். அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நான் வேலி ஓரமாகத் திரும்பியதும் அவர் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். மிஷினை அணைத்தேன். "யம்மா, அங்க போவாத! உள்ள கல்லு கீது. பிளேடு பட்டுச்சின்னா தெறிச்சி மூஞ்சில அடிக்கும்!"

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "கல்லு அங்க இருக்குன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டேன்.

நான் கையாலேயே செடியை விலக்கிப் பார்த்தேன். ஒரு பெயின்ட் வாளி கவிழ்ந்து கிடந்தது, மேலே இரண்டு செங்கல். தூக்கினால் உள்ளே எல்லைக்கல். அண்ணா, நம் வேலிக்கு உள்ளே ஐந்தடியில் அந்தக் கல்! வேலி அவர் நிலத்துக்குள் போய் நிற்கிறது. அப்போதுகூட நான் அவரைத்தான் சந்தேகப்பட்டேன். இந்த ஆளே கொண்டுவந்து நட்டு மூடி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வாளியைத் திருப்பினேன். பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரில், உன் கையெழுத்தில், "தங்கச்சி வீடு, ஹால்" என்று இருந்தது.

என் ஹாலுக்கு நீ வாங்கி வந்து, நீயே அடித்துக் கொடுத்த பெயின்ட். அந்த வாளியை யார் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாதா?

முனிரத்தினம் வேலி கிட்ட வந்தார். "உங்க அண்ணன் வேலி போட சொல்லோ நான் கேட்டேம்மா. கல்லு ஆப்டல, வரப்பு மேலயே போட்டுக்கறேன்னாரு. அப்பால ஒரு நா வாளிக்கு அடில எனக்கே கண்ணுல பட்டுச்சி. எங்க ஊட்டுக்காரிக்கு டயாலிசிஸ் சொல்லோ வாரத்துக்கு ரெண்டு வாட்டி வண்டில குந்த வச்சி இட்டுக்கினு போனவரு அவரு. அவராண்ட போயி இன்னான்னு கேக்கறது? உட்டுட்டேன்."

"அப்ப அந்த ஜேசிபி?"

"உங்க அண்ணிக்குத் தெரிய வாணாம்னுதாம்மா. செத்தவரு பேரு நாலு பேர் எதிர்ல கெடணுமா? கல்லு போவட்டும், அஞ்சடிதான, எனுக்கு இன்னாத்துக்குன்னு நெனச்சேன்."

என் சந்தேகம் சரிதான் அண்ணா. அந்தக் கல்லைத் தூக்கத்தான் ஜேசிபி. ஆனால் அது உனக்காக. மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டின கருவேலத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். ஊரில் ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டவள், உன்னை மட்டும் ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

ஏன் செய்தாய்? முதலில் நிஜமாகவே கல் கண்ணில் படவில்லையா, பிறகு பார்த்துவிட்டு வேலியைப் பிடுங்கக் கூச்சப்பட்டு மூடிவிட்டாயா? இல்லை, முதலிலேயே தெரியுமா? அவர் மனைவியை வண்டியில் ஏற்றிப் போனது நல்ல மனசினாலா, அந்த ஐந்தடி உறுத்தியதாலா? இரண்டுமா? உன்னிடம் கேட்கக்கூட வழியில்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாயே, பாவி!

அண்ணி தண்ணீரோடு வந்தபோது வாளியை மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மறைக்கவில்லை. அவர் அந்த எழுத்தையே வெகுநேரம் பார்த்தார். "சமையல்கட்டைச் சின்னதா போட்டுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முனிரத்தினத்துக்கு முதல் டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. சர்வேயர் வந்ததும் அந்தக் கல்லை நானே காட்டுவேன். உன் வேலியை என் கையாலேயே பிடுங்கி, கல்லுக்கு நேராக நடுவேன், இது சத்தியம். முனிரத்தினம் வேண்டாம் என்றுதான் சொல்லுவார், நான் கேட்கப் போவதில்லை. அதற்கப்புறம் உன்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவர்களோடு சண்டைக்கு நிற்கிறவளும் நானாகத்தான் இருப்பேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் கூடப் பிறந்தவள்,
வசந்தா