கத்தரியின் கடைசி இரண்டு வரிசை

ஜன. 3, சனி
பனி. வரப்பெல்லாம் ஈரம். கத்தரியைப் போய்ப் பார்த்தேன். கொழுந்தெல்லாம் சுருண்டு, கயிறாய்த் திரிந்து. களைக்கொல்லி பட்ட இலைதான். பக்கத்துக் கொல்லை தம்பி செல்வத்துடையது. புதன்கிழமை அவன் தன் வரப்புப் புல்லுக்கு மருந்தடித்ததை நானே பார்த்தேன். போய்க் கத்தினேன். காற்று இந்தப் பக்கம் அடிக்கவில்லையாம். "இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன். வருஷாவருஷம் பொங்கல் சீரோடு வருவான். இந்த வருஷம் வரட்டும், பார்க்கிறேன்.

ஜன. 5, திங்கள்
சிதம்பரம். பஸ்ஸில் நின்றே போனேன். உரக்கடை அம்மாவிடம் இலையைக் காட்டினேன். பிடுங்க வேண்டாம், யூரியாவும் வேண்டாம் என்றார். சூடோமோனாஸை மக்கிய எருவில் கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்து, வேரில் போட வேண்டும். வேர் தெம்பானால் செடி தாக்குப்பிடிக்கலாம். உறுதி சொல்லவில்லை. "உசுருள்ள பாக்டீரியாம்மா. களைக்கொல்லி அடிச்ச டேங்க்ல மட்டும் கரைச்சிடாதீங்க."
வாங்கியது: சூடோமோனாஸ் 2 பாக்., பொங்கப்பானை. கோலமாவு மறந்தாச்சு.

ஜன. 6, செவ்வாய்
ஒரு பாக்கெட்டை எருவில் கலந்து மூடினேன். இன்னொன்றைக் கரைத்து ஊற்ற, முதுகில் மாட்டி மருந்தடிக்கிற டேங்கை எடுத்தேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று மருந்து நாற்றம். ஐயோ. பொங்கப்பானை வைக்கிற இடத்தில் புல் மண்டியிருக்கிறதென்று போன வாரம் களைக்கொல்லி அடித்தவள் நான். மறுநாளே, ஒரு தண்ணீர் அலசிவிட்டு, அதே டேங்கில் கத்தரிக்கு வேப்பெண்ணெய்.
ஓடிப்போய்ப் பார்த்தேன். வேப்பெண்ணெய் போதாமல் விட்ட கடைசி இரண்டு வரிசை, செல்வத்தின் வரப்பை ஒட்டினது, பச்சைப்பசேலென்று. காற்றில் வந்திருந்தால் முதலில் அதுதானே சுருண்டிருக்கும்?
வெட்கம். வாளியில் கரைத்து ஊற்றினேன்.

ஜன. 9, வெள்ளி
எரு வேரில் போட்டாச்சு. மண் நல்ல வாசனை. செல்வம் வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். வீம்பு பிடித்த கழுதை, நான்.

ஜன. 14, புதன்
போகிப் புகை. பதினேழு செடியில் கொழுந்து நேராக. மற்றதெல்லாம் தெரியாது.
நிமிர்ந்தால் வரப்பில் செல்வம். தலையில் கரும்புக் கட்டு, கையில் மஞ்சள் கொத்து. இறக்கி வைத்தான்.
"வூட்டுக்குத்தான வரக்கூடாதுன்ன. கொல்லைக்கு வரலாமில்ல."
டேங்க் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், எல்லாம். அவன் சிரிக்கக்கூட இல்லை.
"தெரியும்க்கா. என் வரப்போரம் செடி பச்சையா நின்னப்பவே என் மருந்து இல்லன்னு தெரியும். அன்னிக்கி நீ கேக்குற மூஞ்சியாவா இருந்த?"
அழுதுவிட்டேன். கரும்பை நான் தூக்கவில்லை. அவனையே வீட்டுக்குத் தூக்கி வரச் சொன்னேன்.