சத்தம் குறைந்த வாணம்

மார்ச் 4

என் சுண்டெலிக்கு,

நானும் அம்மாவும் நலம். தலைமுடி மட்டும் நலமில்லை, அது போய்ச் சேர்ந்துவிட்டது.

"போன் பண்ணினா ஏன் உடனே அம்மாகிட்ட தள்ளிவிடுறீங்க? இன்னும் கோபமா?" என்று கேட்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லை. லைன் சரியில்லை, நீ தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. நமக்குக் கடிதம்தான் தோது. எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் நான், கூட்டிப் பார்த்தால் பத்தாவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மைதானத்தில் பொருட்காட்சி போட்டுவிட்டார்கள். நேற்று முதல் நாள் ஊர்வலம். பேண்டு வாத்தியம், பல்பு ஜோடித்த வண்டிகள், கட்டைக்கால் மனிதன். அவன் அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து என் வழுக்கையைத் தட்டிவிட்டுப் போனான். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நம் பழைய இடத்தில், தகரத் தடுப்பு ஓரம்தான் நின்றோம். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பேனே, அங்கே. வாணம் ஏறும்போதே "அப்பா, காது! காது!" என்று அலறுவாய். என் இரண்டு கையும் மேலே போய் உன் காதைப் பொத்தும். நீ விழாமலிருக்க என் முடியைப் பிடித்துக்கொள்வாய். வழுக்கைக்கு யார் காரணம் என்று தெரிகிறதா?

ஒரு அதிசயம் கேள். இப்போது சத்தம் குறைந்த வாணம் வந்துவிட்டது. பூப்பூவாக விரிகிறது. யாரோ தலையணையைத் தட்டுகிற மாதிரி 'பொத்' என்று ஒரு ஒலி, அவ்வளவுதான். நீ சின்னவளாக இருந்தபோதே இது வந்திருக்கக் கூடாதா!

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எடுத்த வீடியோவை அம்மா அனுப்பினாள். ஆபீஸ் சாப்பாட்டு அறையில் போட்டேன். வெடிச் சத்தத்தில் எதிரே இருந்தவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அதில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "போதும்ங்க, வாங்க போகலாம்!" என்று கத்துகிறாள். பக்கத்தில் நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறீர்கள். திரும்பக்கூட இல்லை.

அப்பா, லைன் நன்றாகத்தான் இருக்கிறது. முப்பது வருஷம் பட்டறையில் தகரம் தட்டும் சத்தத்தைக் கேட்ட காது உங்களுடையது.

நான் வெளியூர் வேலைக்குப் புறப்பட்ட அன்று ரயில் ஜன்னலிலிருந்து, "நான் போறது உங்களுக்குக் கோபமாப்பா?" என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினீர்கள். அதனால்தான் இரண்டு வருஷமாக லீவு கிடைத்தும் நான் வரவில்லை. நிஜத்தைச் சொல்லுங்கள். கோபமா, காதா?

சுண்டெலி

ஏப்ரல் 2

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் படித்ததும் அம்மாமேல் பாய்ந்தேன். "வெடி அவ்வளவு சத்தம்னு ஏன்டி சொல்லல?"

"நாலு தடவை சொன்னேன். நீங்க 'ஆமா ஆமா, அழகா இருக்கு'ன்னீங்க."

கொஞ்ச நாளாக வீட்டுச் சண்டையில் நான் தோற்காததன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

அப்படியும் நம்பாமல், நேற்று பொருட்காட்சியின் கடைசி நாளுக்குப் போனேன். வாணம் விரிந்தது, அதே தலையணைச் சத்தம். சும்மா தகரத் தடுப்பில் உள்ளங்கையை வைத்தேன். அம்மாடி! ஒவ்வொரு வெடிக்கும் தகரம் கிடுகிடுவென்று அதிர்ந்தது. என் காது பொய் சொல்லும், என் கையிடம் தகரம் பொய் சொல்லாது. கடைசி வாணம்வரை கையை எடுக்கவில்லை.

டாக்டரிடம் காட்டியாயிற்று. காது மெஷின் இரண்டு வாரத்தில் வரும்.

ஸ்டேஷனில் உன் வாய் அசைந்தது தெரிந்தது. ரயில் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். 'உடம்பைப் பார்த்துக்குங்க' என்றுதான் சொல்கிறாய் என்று நானாக முடிவு பண்ணித் தலையாட்டினேன். இரண்டு வருஷத்தை ஒரு மொட்டைத் தலை தின்றுவிட்டது. இதோ, எழுதும்போதே அதைப் பக்கவாட்டில் ஆட்டுகிறேன். கோபம் இல்லைம்மா. அன்றும் இல்லை.

அடுத்த பொருட்காட்சிக்கு வா. அதே இடத்தில் நிற்போம். வாணம் ஏறும்போது மட்டும் உன் காதை நீயே பொத்திக்கொள்ள வேண்டும். என் கை தகரத்தில் இருக்கும்.

அப்பா