கரடியின் டப்பா

ஆடி கடைசி ஞாயிறு, இரவு

சின்ன வயதில் ஞாயிறு காலையில் அரசு டிவியில் வந்த கரடிப் பொம்மை நிகழ்ச்சி இன்று செல்போனில் அகப்பட்டது. முழுக்க இந்தி. சங்ககிரியில் எங்கள் தெருவில் அன்று யாருக்கும் இந்தி தெரியாது. அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வார். கரடி தன் தங்கச்சிக்கு டப்பாவில் வெல்லம் கொண்டுபோகிறதாம். வாராவாரம் வழி தவறிவிடுமாம். நான் அழுவேன்.

போர்வெல் லாரியோடு வடக்கே போன அண்ணனுக்கு இப்போது இந்தி தண்ணீர் பட்ட பாடு. வீடியோவை அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.

"ஏனுங்கண்ணா, கரடி என்னங்க சொல்லுது?"

"பல்லு வெளக்கச் சொல்லுது சாமி. டப்பால இருக்கறது பல்பொடி."

"தங்கச்சிக்கு வெல்லம்னு சொல்லுவீங்களே?"

"நானா? நெனப்பே இல்லியே. வண்டி கெளம்புது சாமி, வெச்சர்றேன்."

கேட்டிருக்கவே கூடாது. அந்தக் கதை தெரிந்த ஆள் இனி நான் ஒருத்திதான்.

சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். கரடி டப்பாவைத் தூக்கிக் காட்டுகிறது. வெல்லம்தான். வந்துகொண்டுதான் இருக்கிறது. தங்கச்சி இன்னும் தூங்கவில்லை.